பஸ்ஸில் வந்த பயிர்

"களை எடுக்குறதப் படிக்கவாடி மதுரைக்குப் போற? ஒங்க ஆத்தா பின்னாடி ஒரு நா குனிஞ்சு நின்னேன்னா அவளே சொல்லித் தந்துருவாளே!"

பவுன்தாய் அத்தை இதைச் சொன்னது ஷேர் ஆட்டோவில், பதினோரு பெண்களுக்கு நடுவில். பதினோரு பேரும் சிரித்தார்கள். பன்னிரண்டாவதாக ஆட்டோ டிரைவரும் சிரித்தார். அத்தைதான் எங்கள் ஊரில் களையெடுப்புக்கு ஆள் கூட்டிப் போகிறவர். நெல் வயல், திராட்சைத் தோட்டம், ஆள் கேட்டால் ஜீப்பில் மலையேறி ஏலக்காய்த் தோட்டம் என்று எங்கே குனிய வேண்டுமோ அங்கே தன் கூட்டத்தோடு போய்க் குனிந்துவிட்டு வருவார். அந்தக் கூட்டத்தில் கை வேகத்துக்குப் பேர் போனவர் என் அம்மா.

நான் அப்போது எம்.எஸ்ஸி. தாவரவியல் இரண்டாம் வருடம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள். (அதற்கு முன்னால் அப்பா ஒருமுறை உள்ளே போயிருக்கிறார், ஓட்டுப் போட.) அந்தப் பெருமை எனக்கு எந்த அளவுக்கு இருந்தது என்றால், வீட்டில் உப்பு கேட்டால்கூட வேதியியல் பெயரைச் சொல்லித்தான் எடுத்துக் கொடுப்பேன். அப்படிப்பட்டவளைப் பார்த்துக் களையெடுக்கப் படிக்கிறாள் என்றால் எப்படி இருக்கும்? "அத்த, அது களை இல்ல. அது பேரு இன்வேசிவ் ஸ்பீஷீஸ். ஒங்களுக்குச் சொன்னாப் புரியாது" என்றேன்.

அந்த "சொன்னாப் புரியாது" என்ற இரண்டு வார்த்தைகள்தான் பிறகு என்னை இடுப்பளவு சேற்றில் கொண்டுபோய் நிறுத்தின.

என் ஆய்வு இதுதான். ஆகாயத்தாமரையைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். ஊதாப் பூவும், காற்றடைத்த பலூன் மாதிரி தண்டுமாகத் தண்ணீர்மேல் மிதக்கும். அழகுக்காக வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்தது. அது பக்கத்தில் குட்டி போடும், குட்டியும் குட்டி போடும், கொஞ்ச நாளில் தண்ணீரே தெரியாது. அடியில் வெளிச்சம் போகாது. அங்கே ஏற்கெனவே இருந்த அல்லிக்கு இலை விரிக்க இடம் இருக்காது. இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் யார் யாரை எவ்வளவு வேகத்தில் நெருக்கித் தள்ளுகிறார்கள் என்று வாராவாரம் எண்ணிப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒருவர் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் நான் ஆராய்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கல்லூரி வளாகத்திலேயே செய்யச் சொன்னார் என் பேராசிரியை. நான் ஊரில் செய்கிறேன் என்று அடம்பிடித்தேன். அல்லிக்கிழங்கு எங்கள் கண்மாயிலேயே கிடைக்கும் என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணம், பவுன்தாய் அத்தை பார்க்க வேண்டும் என்பது.

மேடம் கடைசியில் சம்மதித்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு. "உங்க கண்மாயில ஆகாயத்தாமரை இருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல மேடம். சுத்தமான கண்மாய்."

"அப்படியே இருக்கணும். ஒரு செடிகூடத் தொட்டியை விட்டுக் கண்மாய்க்குள்ள போகக் கூடாது. போச்சுன்னா ப்ராஜெக்ட் கேன்சல். அதைவிட, உங்க ஊர் வயலுக்கெல்லாம் போற தண்ணி அது. அப்புறம் நீ ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது, பாத்துக்க."

நான் நெஞ்சை நிமிர்த்தித் தலையாட்டினேன்.

சின்னமனூரிலிருந்து ஆட்டோவில் உள்ளே தள்ளி வந்தால் எங்கள் ஊர். கண்மாய்க் கரையில் ஆறு சிமெண்ட் உறைகளை இறக்கி, உள்ளே தார்ப்பாய் விரித்துத் தொட்டியாக்கினேன். கழிவறைக் குழிக்கு இறக்குவார்களே, அதே உறை. வரிசையாக ஆறைப் பார்த்த ஊர்க்காரர்கள், இந்தப் பிள்ளை யாருக்கு ஆறு கக்கூஸ் கட்டுகிறது என்று இரண்டு நாள் பேசினார்கள். இரண்டு தொட்டியில் அல்லி மட்டும். இரண்டில் ஆகாயத்தாமரை மட்டும். இரண்டில் இரண்டும். எல்லாவற்றுக்கும் மேலே வலை. ஒவ்வொன்றின் முன்னாலும் லேமினேட் செய்த பெயர்ப்பலகை. தமிழில் எழுதினால் எல்லோருக்கும் படித்துப் புரிந்துவிடுமே என்று லத்தீனில் எழுதினேன்.

ஆகாயத்தாமரையைத் தேனிப் பக்கம் ஒரு கண்மாயிலிருந்து கொண்டுவந்தேன். ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் வைத்து, வழியெல்லாம் பாட்டில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் "பிள்ளைக்கு எத்தன வயசு?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்தும் அதை நிழலில் வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன். அல்லிக்கிழங்கையோ, கண்மாயில் காலால் தோண்டி எடுத்து ஓட்டை வாளியில் போட்டு வெயிலில் வைத்திருந்தேன். இதையெல்லாம் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மதுரையிலிருந்து வந்து எண்ணுவேன். வெள்ளை லேப் கோட் போட்டுக்கொண்டுதான். (கண்மாய்க் கரையில், உச்சி வெயிலில், எதற்கு என்று கேட்காதீர்கள்.) அந்தக் கோட்டைப் பார்த்து ஒருவர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்து ஊசி போடச் சொன்னார். "நான் ஆராய்ச்சியாளர்" என்றேன். "சரித்தா, ஆட்டுக்கு வயிறு உப்புசம். ஆராய்ஞ்சு சொல்லு" என்றார்.

ஒரு ஞாயிறு அம்மா சோற்று வாளியோடு வந்து தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஏத்தா செல்வி, இதுல எது வேணும், எது வேண்டாம்?"

எவ்வளவு நல்ல கேள்வி! என் ஆய்வின் மொத்த சாரமும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னேன்: "ஒனக்குப் புரியாதும்மா."

அம்மா சோற்றை வைத்துவிட்டுப் போனார்.

மூன்று மாதம் ஓடியது. நான்கு தொட்டிகளிலுமாகச் சேர்த்து ஆகாயத்தாமரை நூற்றுப் பன்னிரண்டு ஆகியிருந்தது. கலந்து வைத்த தொட்டிகளில் அல்லி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. தனியாக இருந்த அல்லி தட்டு தட்டாக இலை விட்டிருந்தது. நோட்டில் ஒவ்வொரு எண்ணும் பத்திரமாக இருந்தது. கடைசி அளவெடுப்பு மட்டும் பாக்கி. கிழங்கைத் தோண்டி எடை போட வேண்டும். அதை நேரில் பார்க்க மேடமே வருவதாகச் சொன்னார்.

மேடத்தை அழைத்துவர நான் காலையிலேயே தேனிக்குக் கிளம்பினேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மா, கரையில குப்பை கிடந்தாப் பெருக்கி வைம்மா. எங்க மேடம் வராக" என்றேன்.

அம்மா பெருக்கி வைத்தார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை.

நானும் மேடமும் கரையில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது மதியம் ஆகியிருந்தது. ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. வரிசையாகப் பெண்கள் நின்றார்கள். எல்லோரும் குளித்து, பூ வைத்து, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி. அன்று தோட்ட வேலை இல்லையாம். அவர்களுக்கு முன்னால் கரை கண்ணாடி மாதிரி இருந்தது. கோலம்கூடப் போட்டிருந்தார்கள்.

"எவ்வளவு நீட்டா வச்சிருக்காங்க" என்றார் மேடம். நான் பூரித்துப்போனேன். அந்தப் பூரிப்பு சரியாக ஏழு அடி வைக்கும் வரைக்கும் இருந்தது.

வலைகள் சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. முதல் தொட்டியை எட்டிப் பார்த்தேன். ஐந்து ஆகாயத்தாமரை, சாண் இடைவெளி விட்டு அழகாக இருந்தன. இரண்டாவது தொட்டியிலும் ஐந்து. ஆறு தொட்டியிலும் ஐந்தைந்து. அல்லி எங்குமே இல்லை.

"அம்மா..." என்றேன்.

"ஒன்னால தனியா முடியாமத்தான் களை முத்திப்போயி கிடந்துச்சு" என்றார் அம்மா, மேடத்தைப் பார்த்துப் பெருமையாக. "நாங்க பன்னெண்டு பேரு. ரெண்டு மணி நேரத்துல முடிச்சுட்டோம்."

"ரெண்டு தொட்டியில பாத்தேன்னா பயிரே இல்ல, வெறும் களைதான்" என்றார் பவுன்தாய் அத்தை. "ஒரு வேர் விடல. கிழங்கோட தோண்டிட்டோம்."

"எது களைன்னு யாரு சொன்னா?" என்று நான் அலறினேன்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு சொல்லணும்? ஏலத்தோட்டத்துல நாத்து எப்படி வரும்? ஈரச் சாக்குல சுத்தி, வண்டியில வரும். நீயும் அப்படித்தான கொண்டாந்த? பஸ்ஸுல, மடியில வச்சு, தண்ணி தெளிச்சு. அப்ப அது பயிரு. இந்தா நம்ம கண்மாயில தானா மொளச்சுக் கெடக்குறது களை. இதுக்கு லத்தீன் வேற வேணுமாக்கும்!"

நாற்பது வருட அனுபவம் பேசுகிறது. இதில் எங்கே தப்பைக் கண்டுபிடிப்பது?

மேடம்தான் அடுத்த கேள்வியைக் கேட்டார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. "நிறைய செடி இருந்திருக்கணுமே. மிச்சம் எங்க?"

"ரொம்ப நெருக்கமா இருந்துச்சு மேடம்" என்றார் அம்மா. "பிரிச்சு நட்டுட்டோம்."

"எங்க நட்டீங்க?"

பன்னிரண்டு கைகள் கண்மாயை நோக்கி நீண்டன.

கரையோரச் சேற்றில் கயிறு பிடித்த மாதிரி நேர்கோட்டில் மூன்று வரிசை. எங்கள் அம்மா கூட்டம் நட்டால் வரிசை கோணாது. அதுவரை ஒரு ஆகாயத்தாமரை கண்டறியாத கண்மாய். உலகத்திலேயே அதை இவ்வளவு சிரத்தையாக யாரும் வரவேற்றிருக்க மாட்டார்கள். எல்லா நாட்டிலும் எந்திரம் வைத்து அள்ளி வெளியே போடுகிறார்கள். நாங்கள் நாற்று நட்டிருந்தோம்.

"ஆனா என்ன நாத்துடி இது? வேர்ல பிடிப்பே இல்ல. நட்டதெல்லாம் மிதக்குது" என்று குறைப்பட்டுக்கொண்டார் அம்மா.

மூன்றாவது வரிசை அப்போதுதான் காற்றில் கிளம்பிக்கொண்டிருந்தது. பலூன் தண்டுகளை ஆட்டிக்கொண்டு, சின்னச் சின்னப் பரிசல்கள் மாதிரி நடுக் கண்மாய்க்குப் போய்க்கொண்டிருந்தன. எனக்குக் கண் முன்னால் வயல் தெரிந்தது, மடை தெரிந்தது, ஊர்க் கூட்டத்தில் நான் தலைகுனிந்து நிற்பது தெரிந்தது. மேடத்தின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

"ஐயோ, எடுங்க! எல்லாத்தையும் எடுங்க!" என்று கத்திக்கொண்டே லேப் கோட்டோடு கண்மாய்க்குள் பாய்ந்தேன்.

பாய்ந்தேன் என்று எழுதுவதற்கு நன்றாக இருக்கிறது. நடந்தது என்னவென்றால், நான்காவது எட்டில் முட்டி வரைக்கும், ஐந்தாவது எட்டில் இடுப்பு வரைக்கும் சேறு என்னை வாங்கிக்கொண்டது. கையை வீசினேன். இன்னும் நாலு விரல் இறங்கினேன். ஒரு ஆகாயத்தாமரை என் மூக்கை உரசிக்கொண்டு நிதானமாக மிதந்து போனது.

பவுன்தாய் அத்தையும் அம்மாவும் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். "அசையாதடி. நேரா நில்லு. சாச்சு இழுத்தா அறுந்துரும்" என்று அத்தை களைக்குச் சொல்வதுபோலவே சொன்னார். ஒரே இழுப்பு, வெளியே வந்துவிட்டேன். என் செருப்பு இரண்டும் உள்ளேயே தங்கிவிட்டன. "பாத்தியா மதினி, வேரோட வந்துருச்சு" என்று அத்தை அம்மாவிடம் சொன்னார். பத்துப் பேரும் கரையில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

சேறு சொட்டச் சொட்ட அவர்கள் முன்னால் நின்றேன். அழுகை முட்டியது. வேறு வழியில்லாமல், மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியதை அப்போது சொன்னேன். லத்தீன் இல்லை, இங்கிலீஷ் இல்லை. "அத்த, நான் மடியில வச்சுக் கொண்டாந்ததுதான் களை. தானா மொளச்சதுதான் நம்ம பயிரு. இதுல ஒண்ணு தப்புனாலும் ஆறு மாசத்துல கண்மாய மூடிரும். வயலுக்குத் தண்ணி போகாது. அல்லி இருக்காது, மீன் இருக்காது."

சிரிப்பு நின்றது.

"இத ஏன்டி மொதல்லயே சொல்லல?" என்றார் அத்தை.

அம்மா என்னைப் பார்த்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பன்னிரண்டு பேரும் வரிசை கட்டி இறங்கினார்கள். எந்த இடத்தில் கால் வைத்தால் இறங்காது என்று அவர்கள் கால்களுக்குத் தெரிந்திருந்தது. மீன்பிடிக்கிறவரின் லாரி டியூபை வாங்கி, அதில் அம்மா குப்புறப் படுத்து, கையாலேயே துழாவி நடுக் கண்மாய் வரைக்கும் போனார். மேடமும் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் நின்று வாங்கி வாங்கிக் கரையில் போட்டார். நான் கரையில் நின்று எண்ணினேன். என்னை இறங்கக் கூடாது என்று எல்லோரும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள்.

தொட்டிகளில் முப்பது. கண்மாயிலிருந்து எண்பத்தொன்று. நோட்டில் நூற்றுப் பன்னிரண்டு.

"ஒண்ணு கொறையுது" என்றேன்.

"ஒண்ணுதான?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"ஒண்ணு போதுங்க" என்றார் அம்மா, டியூபில் இருந்தபடியே. "அவ சொன்னது காதுல விழல?"

மறுபடி தேடினோம். கோரைப் புல்லை விலக்கி, மடை வாயில் கையை விட்டு, எருமைகள் படுத்திருந்த மூலையில் எருமைகளை எழுப்பிப் பார்த்தோம். ஒரு எருமையின் வாயைத் திறந்தும் பார்த்தோம். காணோம். அந்த ஒன்று இந்நேரம் எங்கே குட்டி போட்டுக்கொண்டிருக்கிறதோ என்று நோட்டை மறுபடி முதலிலிருந்து கூட்டிப் பார்த்தேன். மேடம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் பவுன்தாய் அத்தைக்கு விருந்தாளியின் ஞாபகம் வந்தது. "அட, மேடத்த வாங்கன்னுகூடச் சொல்லலயே நாம!" என்று வேப்பமரத்தடிக்கு ஓடினார். வரும்போது கையில் வெள்ளித்தாள் சுற்றி, ரிப்பன் கட்டிய ஒரு பூச்செண்டு. அதை இரண்டு கையாலும் மேடத்திடம் நீட்டினார்.

"இருக்குறதுலயே நல்லாப் பூத்ததா பாத்து ஒங்களுக்குன்னு எடுத்து வச்சேன் மேடம்."

நூற்றுப் பன்னிரண்டு.

மேடம் அதை வாங்கிக்கொண்டு, வேரைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து, புரையேறி, அத்தை தலையில் தட்டும் அளவுக்குச் சிரித்தார்.

மூச்சு வந்ததும், "சரி செல்வி, ஆகாயத்தாமரை கணக்கு சரியாப் போச்சு. அல்லிக்கிழங்கையாவது எடை போடலாம். தோண்டுனதை எங்க வச்சிருக்காங்க?" என்றார்.

அம்மா ஒரு தட்டை மூடியிருந்த வாழையிலையை எடுத்தார். மொத்தக் கிழங்கும் அவித்து, தோல் உரித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி இருந்தது. "நாங்க ஆளுக்கு ரெண்டு தின்னுட்டோம். நல்லா மாவா இருந்துச்சு. மிச்சம் ஒங்களுக்கு" என்றார்.

ஆக, என் மூன்று மாத ஆராய்ச்சியில் பாதி மேடத்தின் இடது கையில் பூச்செண்டாக இருந்தது. மீதியை வலது கையால் சாப்பிட்டார். "உப்பு கரெக்டா இருக்கு" என்றார்.

கிழங்கு எடை இல்லாத ஆய்வேட்டை நான் எப்படி முடித்தேன் என்று கேட்கிறீர்களா? ஞாயிறுதோறும் எண்ணிய எண்ணிக்கை காப்பாற்றியது. கிழங்கின் எடையை ஏன் தர இயலவில்லை என்பதற்கு ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. "எதிர்பாராத அறுவடை காரணமாக" என்று எழுதினேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்த வரியில் விரலை வைத்து, என்ன அறுவடை என்று கேட்டார். மேடம் இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார். நான் முழுவதையும் சொன்னேன். தேர்வாளர் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தப் பன்னிரண்டு பேரும் ஒரு மதியத்தில் ஒரு செடி விடாமல் எடுத்துவிட்டார்களா?"

ஊரில் அந்தக் கதை இன்னும் ஓய்ந்தபாடில்லை. யார் வீட்டிலாவது புதுசாக எது வந்தாலும், மிக்ஸியோ மருமகனோ, "பஸ்ஸுல வந்ததெல்லாம் பயிருன்னு நெனச்சுராத" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். போன தை மாதம் என்னைப் பெண் பார்க்க போடியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பவுன்தாய் அத்தை உரக்கச் சொன்னார்: "பஸ்ஸுல வரல மதினி. நம்பலாம் போலருக்கு." மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. (நம்ப முடியவில்லை. நான் மேற்கொண்டு படிக்க வேண்டாமாம். பஜ்ஜியைச் சாப்பிடவைத்து அனுப்பிவிட்டோம்.)

தேர்வாளர் கேட்ட அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. முனைவர் பட்டத்துக்கு அதிலிருந்தே ஒரு தலைப்பை எழுதிக் கொடுத்தேன்: ஆகாயத்தாமரையைக் கையால் நீக்கிய இடத்தில் அல்லி திரும்ப வருகிறதா, எவ்வளவு நாளில் வருகிறது. பதிவாகிவிட்டது. களப்பணியாளர்கள் என்ற கட்டத்தில் பன்னிரண்டு பெயர்கள். முதல் பெயர் பவுன்தாய்.

போன புதன்கிழமை வேலையை ஆரம்பித்தோம். முன்பு ஈரச் சாக்கோடு போன அதே தேனிப் பக்கத்துக் கண்மாய். தண்ணீரே தெரியவில்லை, ஒரே ஊதா. இறங்கும் முன் எல்லோரையும் கரையில் உட்காரவைத்து, ஒரு கையில் ஆகாயத்தாமரை, மறு கையில் அல்லி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினேன். முடித்ததும் அம்மா பழைய கேள்வியையே கேட்டார்.

"எது வேணும், எது வேண்டாம்? இன்னொருக்காச் சொல்லு."

இன்னொருக்காச் சொன்னேன்.

"கெழங்கு?" என்றார் பவுன்தாய் அத்தை.

"தொடக் கூடாது."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

அத்தை மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் ஒப்படைத்தார். உப்பும் மிளகாய்த்தூளும். அதைப் பையில் போட்டுப் பூட்டிவிட்டு, லேப் கோட்டைக் கழற்றி ஆட்டோவில் வைத்துவிட்டு, அம்மா கால் வைத்த இடத்தில் கால் வைத்து, பின்னாலேயே குனிந்தபடி இறங்கினேன்.